"ஒன்றும் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்த பிறகு: விவாகரத்துக்குப் பின் ஜீவனாம்சமும் பிள்ளைகளின் பராமரிப்பும்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கும் கேள்விக்கு இது பதில். அவருடைய தங்கைக்குப் பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்துத் தீர்ப்பாகி ஓராண்டு ஆகப்போகிறது. 9 வயது மகளும் 5 வயது மகனும் தங்கையிடம் வளர்கிறார்கள். பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனதைத் தாங்க முடியாமல், "எனக்கோ பிள்ளைகளுக்கோ ஜீவனாம்சம் எதுவும் கோரமாட்டேன்" என்ற வாசகத்தோடு இருந்த மனுவில் தங்கை கையெழுத்திட்டுவிட்டார். முன்னாள் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். ஊரில் நிலம் உண்டு, ஆனால் பட்டா அவருடைய தகப்பனார் பெயரில். இனிமேல் மனு போட முடியுமா, போட்டால் எவ்வளவு கிடைக்கும், மாப்பிள்ளை வீட்டார் ஒரே தடவையாகத் தருவதாகச் சொல்லும் 5 லட்சத்தை வாங்கிக்கொண்டு விஷயத்தை முடித்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்கிறார். டெல்டா மாவட்ட நீதிமன்றங்களில் குடும்ப வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்டவர் ஒருவர் என்றாலும் இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் பல என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பிள்ளைகளைப் பற்றி. தங்கை எழுதிக் கொடுத்த வாசகம் பிள்ளைகளைக் கட்டுப்படுத்தாது. தந்தையிடம் பராமரிப்புப் பெறும் உரிமை பிள்ளையினுடையது. அதைத் தாய் விட்டுக்கொடுக்க முடியாது, தந்தையும் தாயும் சேர்ந்து கையெழுத்திட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. பரஸ்பர சம்மத விவாகரத்தில் இப்படிப்பட்ட வாசகம் இருந்த வழக்குகளில் உச்ச நீதிமன்றமே இந்த நிலையை எடுத்திருக்கிறது. ஆகவே இரண்டு பிள்ளைகளின் பெயரிலும், தாயைக் காப்பாளராகக் காட்டி, நாளைக்கே மனு தாக்கல் செய்யலாம். ஓராண்டு சும்மா இருந்துவிட்டோமே என்பது தடையில்லை. ஆனால் இழப்பு உண்டு. பராமரிப்புத் தொகை மனு தாக்கலான தேதியிலிருந்து கணக்கிடப்படும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டதால், மனு போடாமல் கழியும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைகளுக்குத் திரும்பி வராத மாதம்.

மனுவை எந்தச் சட்டத்தின் கீழ் போடுவது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு என்று எல்லோரும் அறிந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக இருக்கிறது. மதம் எதுவானாலும் மனைவி, மைனர் பிள்ளைகள், வயதான பெற்றோர் ஆகியோர் இதன் கீழ் கேட்கலாம். விவாகரத்தாகி மறுமணம் செய்துகொள்ளாத பெண்ணும் இதில் "மனைவி" என்ற சொல்லுக்குள் அடங்குவார். இந்துக்களுக்கு இதைத் தவிர, இந்து திருமணச் சட்டம் 1955இன் 25ஆம் பிரிவில் நிரந்தர ஜீவனாம்சமும், 26ஆம் பிரிவில் மைனர் பிள்ளைகளின் பராமரிப்பும், 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் பிள்ளைகளுக்கான தனி உரிமையும் இருக்கின்றன. வாழ்ந்த காலத்தில் அடி, மிரட்டல், பணத்தைப் பறித்தல் ஆகியவை நடந்திருந்தால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமும் உண்டு. இரண்டு சட்டங்களில் கேட்டால் இரண்டு மடங்கு கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள், கிடைக்காது. ஒன்றில் கிடைத்ததை மற்றொன்றில் கட்டாயம் சொல்ல வேண்டும், நீதிமன்றம் அதைக் கழித்துக்கொள்ளும். மறைத்தால் மனுதாரரின் பேச்சு முழுவதும் நம்பிக்கை இழந்துவிடும்.

தங்கையின் சொந்த உரிமை பிள்ளைகளின் உரிமையைப் போல அவ்வளவு நேரானதன்று. "சம்மதித்துப் பிரிந்து வாழ்பவர்களுக்கு ஜீவனாம்சம் இல்லை" என்று சட்டத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. அதைக் காட்டித்தான் எதிர்த்தரப்பார் பயமுறுத்துவார்கள். அந்த வாசகம் திருமணம் நிலைத்திருக்கும்போதே ஒப்புக்கொண்டு தனித்தனியாக வாழ்பவர்களைப் பற்றியது. பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்துப் பெற்ற பெண்ணுக்கு அது பொருந்தாது என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. மிஞ்சியிருப்பது, எழுதிக் கொடுத்த விடுதலை வாசகம். பெரிய தொகையோ வீடோ பெற்றுக்கொண்டு "முழுமையாகத் தீர்ந்தது" என்று எழுதியிருந்தால் அதைத் தாண்டுவது கடினம். உங்கள் தங்கையைப் போல எதையும் பெறாமல் வெறுங்கையோடு விட்டுக்கொடுத்திருந்தால் நிலைமை வேறு. ஒரு பெண் நிராதரவாகத் தெருவில் நிற்கக்கூடாது என்பதற்காக இயற்றப்பட்ட உரிமையை ஒப்பந்தத்தால் அழிக்க முடியாது என்று உயர் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. மேலும் இந்து திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, தீர்ப்பு வழங்கும் நேரத்திலோ அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலுமோ ஜீவனாம்சம் கேட்க இடம் தருகிறது. எனவே தங்கைக்கும் சேர்த்தே கேளுங்கள். ஆனால் பிள்ளைகளின் கோரிக்கையைத் தனித் தொகையாக, தனிப் பத்தியாக மனுவில் வையுங்கள். தாயின் பங்கில் எதிர்ப்பு எழுந்து வாய்தா நீண்டாலும் பிள்ளைகளின் பங்கு அதோடு சிக்கிக்கொள்ளக்கூடாது.

இங்கே வேறொரு வகைக் காகிதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நம் பக்கத்துக் கிராமங்களில் அது இன்னும் நடமாடுகிறது. ஊர்ப் பெரியவர்கள் கூடி, 20 ரூபாய் முத்திரைத்தாளில் "இன்று முதல் இருவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று எழுதி, நோட்டரியிடம் முத்திரை பெற்று, அதையே விவாகரத்து என்று நம்பிப் பிரிந்து போகிறார்கள். அந்தச் சாதியில் அப்படிப்பட்ட வழக்கம் தொன்றுதொட்டு இருந்ததை நீதிமன்றத்தில் நிரூபித்தாலொழிய அது விவாகரத்து ஆகாது. அந்தப் பெண் சட்டப்படி இன்னும் மனைவிதான். நல்லதுதானே, மனைவியாகவே கேட்கலாமே என்று தோன்றும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அவர் மனைவி என்றால், நான் மேலே சொன்ன "சம்மதித்துப் பிரிந்து வாழ்தல்" என்ற வாசகத்துக்கு அந்த முத்திரைத்தாளே அவருக்கு எதிரான சாட்சியாக வந்து நிற்கும். எனவே அப்படி எழுதிக் கொடுத்தவர்கள், எந்தச் சூழ்நிலையில் கையெழுத்து வாங்கப்பட்டது, அப்போது உடன் இருந்தவர்கள் யார், பிரிவதற்கு உண்மையான காரணம் என்ன என்பவற்றை மனுவின் முதல் பக்கங்களிலேயே சொல்லிவிட வேண்டும். எதிர்த்தரப்பு அதைத் தூக்கிக் காட்டும்வரை காத்திருக்கக்கூடாது.

இனி, எவ்வளவு கிடைக்கும் என்ற கேள்வி. சில வெளிநாடுகளில் வருமானத்தையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வைத்து அட்டவணை பார்த்துத் தொகையைச் சொல்லிவிடுவார்கள். நம் நாட்டில் அப்படி ஓர் அட்டவணை இல்லை. நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னதை எல்லோரும் விதிபோல எடுத்துச் சொல்கிறார்கள். அது ஓர் அளவுகோலாகப் பயன்படுமே தவிர, கட்டாய விகிதம் அன்று. இரு தரப்பின் வருமானம், சொத்து, படிப்பு, வயது, உடல்நிலை, சேர்ந்து வாழ்ந்த ஆண்டுகள், அந்தக் குடும்பம் பழகியிருந்த வாழ்க்கைத்தரம், தரவேண்டியவர் தாங்கும் மற்றப் பொறுப்புகள் ஆகியவற்றைப் பார்த்து நீதிபதி தீர்மானிக்கிறார். பார்ப்பது என்றால் எதை வைத்துப் பார்ப்பார்? தாக்கலாகும் காகிதங்களை வைத்துத்தான். என் அனுபவத்தில் ஜீவனாம்ச வழக்கின் முடிவு வாதத்தில் இல்லை. வரவு, செலவு, சொத்து, கடன் ஆகியவற்றைச் சொல்லும் பிரமாணப் பத்திரத்தில் இருக்கிறது. ரஜ்னேஷ் எதிர் நேகா என்ற 2020ஆம் ஆண்டு வழக்கில், இரு தரப்பும் இதற்கென வகுக்கப்பட்ட படிவத்தில் இந்தப் பத்திரத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எதிர்மனுதாரர் நான்கு வாரத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வேண்டுமென்றே இழுத்தடித்தால் அவருடைய எதிர்வாதத்தையே நீதிமன்றம் நீக்கிவிடலாம். பொய் சொன்னால் பொய்ச்சாட்சி நடவடிக்கையும் வரலாம். இவ்வளவு வலிமையான ஆயுதத்தை நம் பக்கத்தில் பலர் ஒரு சடங்காக, வழக்கறிஞர் குமாஸ்தா நிரப்பித் தரும் படிவமாக விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது.

செலவுப் பக்கத்தைத் தங்கையே உட்கார்ந்து எழுத வேண்டும். "பிள்ளைகளின் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 20,000" என்று மொத்தமாகப் போட்டால் எதிர்த்தரப்பு அதைப் பாதியாகக் குறைக்கச் சொல்லும், நீதிமன்றமும் குறைக்கும். அதற்குப் பதிலாக, பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு, வேன் கட்டணம் மாதம் எவ்வளவு, சீருடையும் புத்தகமும் ஜூன் மாதத்தில் எவ்வளவு, டியூஷன், பால், மளிகை, மகனுக்கு மூச்சிரைப்பு இருந்தால் அதற்கான மருந்து, வீட்டு வாடகையில் பிள்ளைகளுக்கு உரிய பங்கு என்று பிரித்து எழுதி, இருக்கிற ரசீதுகளை இணைத்துவிட்டால் எந்த வரியை அடிப்பது என்று எதிர்த்தரப்பு தேட வேண்டியிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவைப் பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்கில் சேர்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். தங்கை தாய்வீட்டில் இருக்கிறார், வாடகை இல்லை என்றால் வாடகை என்று போடக்கூடாது. அண்ணன் வீட்டில் தங்கியிருக்கிறார் என்பதையும், அது நிரந்தரமான இடம் அன்று என்பதையும் அப்படியே எழுதுங்கள்.

தங்கை தையல் வேலையோ கடை வேலையோ பார்த்து மாதம் 7,000 அல்லது 8,000 சம்பாதித்தால் அதை மறைக்க வேண்டாம். சிறிது சம்பாதிக்கிறார் என்பதால் உரிமை போய்விடாது. தன்னைத் தானே நியாயமான முறையில் காப்பாற்றிக்கொள்ளப் போதுமானதா என்பதுதான் கேள்வி. நல்ல சம்பளத்தில் இருக்கும் தாயாக இருந்தால் பிள்ளைகளின் செலவில் அவரவர் வருமானத்துக்கு ஏற்ப இருவரும் பங்கிட வேண்டியிருக்கும், அது நியாயமே.

வரவுப் பக்கம்தான் காவிரிப் பாசனப் பகுதியில் பெரிய சிக்கல். மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளச் சீட்டு பேசிவிடும். இங்கே பாதிப்பேரின் வருமானம் பருவத்தோடு வருவது, காகிதத்தில் நேராகத் தெரியாதது. "விவசாயத்தில் என்ன மிஞ்சுகிறது, எல்லாம் கடன்" என்று எதிர்மனுதாரர் சொன்னால் கேட்பவர்களுக்கும் அது உண்மையாகவே படும். ஆனால் காகிதம் இல்லாமல் இல்லை. வேறு இடங்களில் இருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போடும் விவசாயி சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைக் கொடுத்துப் பதிந்தாக வேண்டும். பணம் அவருடைய வங்கிக் கணக்குக்கே போகிறது. எத்தனை மூட்டை போட்டார் என்பது அங்கே பதிவாகியிருக்கிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியிருந்தால், எத்தனை ஏக்கர், என்ன பயிர் என்பது அந்த விண்ணப்பத்தில் இருக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். இது கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக மட்டும். ஒருவர் 3 ஏக்கரில் குறுவையும் சம்பாவும் செய்து, ஒவ்வொரு போகத்திலும் 60 குவிண்டால் கொள்முதல் நிலையத்தில் போடுகிறார் என்று கொள்வோம். 2024-25 கொள்முதல் பருவத்தில் தமிழ்நாடு அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துச் சன்னரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,450 ரூபாய். ஒரு போகத்துக்கு 1,47,000. இரண்டு போகத்துக்கு 2,94,000. விதை, உரம், நடவுக்கூலி, அறுவடை இயந்திர வாடகை என்று சரிபாதி போய்விட்டது என்று அவர் சொல்வதை நாம் முழுமையாக ஏற்றுக்கொண்டாலும், ஆண்டுக்கு 1,47,000 மிஞ்சுகிறது, மாதத்துக்கு 12,250. வைக்கோல் விற்ற பணமும் உளுந்து, பயறு போட்ட வருமானமும் இதில் சேரவில்லை. "ஒன்றும் மிஞ்சவில்லை" என்பதற்கும் "மாதம் 12,250" என்பதற்கும் இடையில் இருப்பது இரண்டு பிள்ளைகளின் சாப்பாடு. அதே நேரம், ஜூன் 12இல் மேட்டூர் திறக்காத ஆண்டில் குறுவை இல்லை என்பதையும், வடகிழக்குப் பருவமழையில் சம்பா மூழ்கிய ஆண்டில் போட்ட முதலே வராது என்பதையும் மனுதாரர் தரப்பு மறுக்கக்கூடாது. மூன்று ஆண்டுச் சராசரியைக் காட்டிக் கேட்பது நேர்மையானது, நீதிமன்றத்திலும் நிற்கும்.

மற்றத் தொழில்களுக்கும் இதே முறைதான். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரருக்குத் தேங்காய் வியாபாரியின் வெட்டுக் கணக்கு இருக்கும். திருபுவனத்து நெசவாளருக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கூலிப் பதிவு இருக்கும். நாகப்பட்டினத்து விசைப்படகில் பங்குக்குப் போகிறவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் போக மற்ற மாதங்களின் பங்குத் தொகை இருக்கும். வேலையே இல்லை என்று சொல்லும் ஆணிடம், உடல் திடமாக இருக்கும்போது கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்றுவது அவருடைய கடமை என்று உச்ச நீதிமன்றம் 2022இலும் திரும்பச் சொல்லியிருக்கிறது.

தகப்பனார் பெயரில் இருக்கும் நிலத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது மட்டும் உரிமையைத் தீர்மானிப்பதில்லை. சொத்து எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். தகப்பனார் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம் என்றால் அதன் மீது மருமகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ இந்த வழக்கில் உரிமை இல்லை. அதை நம்பி மனுவை அமைக்க வேண்டாம். கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தால் மகனுக்குப் பிறப்பால் பங்கு உண்டு, அந்தப் பங்கை வருமானக் கணக்கிலும் கொண்டுவரலாம், பிறகு பாக்கிக்காக ஜப்தியும் கேட்கலாம். அந்த மகனுடைய பிள்ளைகளுக்கே, பெண் பிள்ளைக்கும் சேர்த்து, பிறப்பால் உரிமை இருக்கிறது. ஆனால் "பாட்டன் சொத்து" என்று ஊரில் சொல்வதெல்லாம் சட்டப்படி கூட்டுக் குடும்பச் சொத்தாகிவிடாது. பாட்டனாரின் தனிச்சொத்து, 1956க்குப் பின் அவர் உயில் எழுதாமல் இறந்ததால் தகப்பனாருக்கு வந்தது என்றால், அது தகப்பனாரின் தனிச்சொத்தாகவே கருதப்படும். எனவே பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தையும், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றையும் எடுத்துப் பார்த்துவிட்டே பேச வேண்டும். மனு தாக்கலான பிறகும் ஒருமுறை வில்லங்கம் போட்டுப் பாருங்கள். நோட்டீஸ் கைக்குக் கிடைத்த வாரத்திலேயே தன் பெயரில் இருக்கும் நிலத்தை அண்ணன் தம்பிக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவைப்பவர்கள் உண்டு. பராமரிப்பு உரிமை இருப்பது தெரிந்து வாங்கியவருக்கு எதிராகவும், இனாமாகப் பெற்றவருக்கு எதிராகவும் அந்த உரிமையை நிலைநாட்ட 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு வழி செய்கிறது.

சிங்கப்பூரில் இருப்பவர் மேல் இங்கே வழக்குப் போட முடியுமா என்ற தயக்கம் தேவையில்லை. தங்கை வசிக்கும் ஊர் எந்த நீதிமன்ற எல்லைக்குள் வருகிறதோ அங்கேயே 144ஆம் பிரிவு மனுவைத் தாக்கல் செய்யலாம். குடும்ப நீதிமன்றம் இருக்கும் இடத்தில் அங்கே, இல்லாத இடத்தில் நீதித்துறை நடுவர் முன்பு. வேண்டுமென்றே ஆஜராகாமல் இருந்தால் ஒருதலைப்பட்சமாக விசாரித்து உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அவருடைய சம்பளத்தை நிரூபிப்பதற்கு, சேர்ந்திருந்த காலத்தில் அவர் தங்கையின் கணக்குக்கு அனுப்பிய பணத்தின் வங்கி அறிக்கை மிக முக்கியமானது. மாதம் 30,000 அனுப்பிவந்தவர் இன்று "எனக்குச் சம்பளமே அவ்வளவுதான்" என்று சொல்வது எடுபடாது. சம்பளம், கூடுதல் நேர வேலை பற்றி அவர் வாட்ஸப்பில் எழுதிய செய்திகள் இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். அவற்றைச் சாட்சியமாகத் தாக்கல் செய்ய பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்று இணைக்க வேண்டும், அதை எப்படித் தயாரிப்பது என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கணவர் பெயரில் இங்கே வங்கி வைப்புத்தொகை, வீட்டுமனை எது இருந்தாலும் குறித்துவையுங்கள். அவர் கடல் தாண்டி இருந்தாலும் அவை இங்கேதான் இருக்கின்றன.

முதன்மை மனுவோடு இடைக்கால ஜீவனாம்ச மனுவையும் சேர்த்தே போட வேண்டும். நோட்டீஸ் சார்பு செய்யப்பட்ட, அதாவது எதிர்மனுதாரரிடம் சேர்ப்பிக்கப்பட்ட, நாளிலிருந்து இயன்றவரை 60 நாளுக்குள் இடைக்கால மனுவை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் ஆகிறது என்பதை மறைக்க மாட்டேன். பெரும்பாலும் நோட்டீஸ் சார்பாவதில்தான் காலம் போகிறது. எதிர்மனுதாரரின் வெளிநாட்டு முகவரி, மின்னஞ்சல், கைபேசி எண் எல்லாவற்றையும் முதலிலேயே சரியாகக் கொடுப்பது சில மாதங்களை மிச்சப்படுத்தும். தொகை கேட்கும்போது, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தானாகவே உயரும்படியும் கேளுங்கள். 2025இல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் உயரும்படி உத்தரவிட்டது. 5 வயதுப் பையனின் செலவும் 15 வயதுப் பையனின் செலவும் ஒன்றல்ல.

உத்தரவு கிடைப்பதோடு வேலை முடிவதில்லை. பணம் வராத மாதங்களுக்கு நிறைவேற்று மனு போட வேண்டும், அதையும் தொகை செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். பாக்கி சேரட்டும், மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று நான்கு ஆண்டு காத்திருந்து வருபவர்களுக்கு இதில் தேவையற்ற வழக்காடல் வந்து சேர்கிறது. காரணமின்றிக் கட்டாதவருக்கு ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. சிறைக்குப் போய்வந்துவிட்டால் பாக்கி தீர்ந்தது என்று ஒரு நம்பிக்கை ஊரில் உலவுகிறது, அது தவறு. சிறை என்பது கட்டவைப்பதற்கான வழி, கடன் அப்படியே நிற்கும் என்று 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு ஊழியரோ நிறுவன ஊழியரோ ஆனால், பராமரிப்புக்கான டிக்ரியில் சம்பளத்தின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஜப்தி செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது.

தர வேண்டிய நிலையில் இருக்கும் ஆண்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் சில வார்த்தைகள். வேலை போய்விட்டதா, உடம்புக்கு முடியவில்லையா, உத்தரவைத் திருத்தக் கோரி மனு போடுங்கள். பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 146ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. தானாக நிறுத்திவிடுவது நியாயமான காரணம் இருப்பவரையும் குற்றவாளிபோல நிறுத்திவிடும். பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள், வங்கி வழியாக அனுப்புங்கள். "திருவிழாவுக்கு வந்தபோது மாமனார் கையில் கொடுத்தேன்" என்பதை எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க முடியாது. பிள்ளையைப் பார்க்க விடவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்துவதும், பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்ட மறுப்பதும் இரண்டுமே தவறு. பார்க்கும் உரிமைக்குத் தனி மனு இருக்கிறது. முன்னாள் மனைவி மறுமணம் செய்துகொண்டால் அவருக்குத் தருவது நிற்கும், பிள்ளைகளுக்குத் தருவது நிற்காது. உண்மையிலேயே வருமானம் இல்லாத கணவர், சம்பாதிக்கும் மனைவியிடம் ஜீவனாம்சம் கேட்கவும் இந்து திருமணச் சட்டத்தின் 24, 25ஆம் பிரிவுகளில் இடம் உண்டு.

நாகூர், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கங்களிலிருந்து என்னிடம் அடிக்கடி கேட்கப்படுவது, முஸ்லிம் பெண்களுக்கு விவாகரத்துக்குப் பின் காத்திருக்க வேண்டிய இத்தத் காலத்துக்குப் பிறகு ஒன்றும் கிடையாதா என்பது. கிடைக்கும். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் பழைய 125ஆம் பிரிவின் கீழ் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்திலும், பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இதே போன்ற பிரிவுகள் இருக்கின்றன.

பிள்ளைகளுக்கு 18 வயது முடிந்தால் 144ஆம் பிரிவின் கதவு மூடிவிடும், உடல் அல்லது மனக் குறைபாடு இருந்தாலன்றி. மணமாகாத மகளுக்கு அதற்குப் பிறகும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின் கீழ் தந்தையிடம் கேட்கும் உரிமை தொடர்கிறது. மகனின் கல்லூரிச் செலவுக்கு அப்படித் தெளிவான பிரிவு இல்லாததால், சமரசம் பேசும் வாய்ப்பு வரும்போதே "முதல் பட்டப்படிப்பு முடியும்வரை" என்ற வாசகத்தை எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

வழக்கு நடத்தப் பணம் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழுவும், தாலுகா நீதிமன்றங்களில் வட்டக் குழுவும் இருக்கின்றன. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பள்ளி ரசீதுகள், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைக் கொண்டு போங்கள்.

கடைசியாக அந்த 5 லட்சம். மகளுக்கு 18 ஆக இன்னும் 9 ஆண்டு, மகனுக்கு 13 ஆண்டு. இரண்டையும் சேர்த்தால் 264 மாதங்கள். 5 லட்சத்தை அதால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு மாதம் 1,900 ரூபாய்கூட வரவில்லை. அதிலும் தங்கைக்கென்று ஒரு ரூபாய் இல்லை. வங்கியில் போட்டால் வட்டி வருமே என்பார்கள். விலைவாசியும் பள்ளிக் கட்டணமும் அதைவிடக் குறைவாக ஏறப்போவதில்லை. இந்தத் தொகைக்கு, இனி எதுவும் கேட்கமாட்டோம் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொள்ளச் சொல்லி நான் ஆலோசனை தர மாட்டேன். மனுவைத் தாக்கல் செய்துவிட்டுப் பேசுங்கள்; மனு இருக்கும்போது பேசும் பேச்சுக்கு வேறு மதிப்பு. அவர்கள் தொகையை உயர்த்தி, தங்கைக்கு ஒரு மொத்தத் தொகை, பிள்ளைகளுக்குத் தனியே மாதத் தொகை என்று வந்தால் ஏற்கலாம். பிள்ளைகளுக்கும் மொத்தமாகவே தருவோம் என்றால், அது இரண்டு பிள்ளைகளின் பெயரிலும் தனித்தனி வைப்புத்தொகையாக, 18 வயதுவரை வட்டி மட்டும் தாயின் கணக்குக்கு வரும்படி அமைய வேண்டும். எந்த ஏற்பாடாக இருந்தாலும் வீட்டுத் திண்ணையில் எழுதி முடிக்காமல் மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்யுங்கள். அங்கே வழங்கப்படும் தீர்வாணைக்கு உரிமையியல் நீதிமன்ற டிக்ரிக்குரிய வலிமை உண்டு, ஒரு தவணை தவறினாலும் அதை வைத்தே நேராக நிறைவேற்று மனு போட்டுவிடலாம்.